செம்பனைத் தோட்டத்து உயிரியல் நாட்குறிப்பு

2 ஜூலை 2025, புதன்

இன்று மகரந்தக் குழாய் வளர்வதை நேரில் பார்த்தேன். பாடநூலில் அது அசையாத படம். நுண்ணோக்கியில் அது உயிரோடு நீண்டுகொண்டே போகிறது.

டீச்சர் வீட்டு வாசலிலிருந்து காசித்தும்பைப் பூ கொண்டுவந்திருந்தார். மூன்று கண்ணாடித் தகடு. ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், ஒன்றில் 10 விழுக்காடு சீனிக் கரைசல், இன்னொன்றில் 30 விழுக்காடு. கரைசலில் துளி போரிக் அமிலமும் சேர்த்திருந்தார். மகரந்தத்தைத் தூவி, மூடுதகடு வைத்து, முதலில் 100 மடங்கு, பிறகு 400 மடங்கு. 10 விழுக்காட்டில் கால் மணி நேரத்துக்குள் சில மணிகளின் ஓரத்தில் சின்னப் புடைப்பு தெரிந்தது. அப்புறம் அது குழாயாக நீண்டது. வெறும் நீரில் போட்டவற்றில் பல வெடித்துவிட்டன. நீர் சவ்வூடு உள்ளே பாய்ந்தால் என்ன ஆகும் என்று படிவம் 4 வகுப்பில் படித்தது இங்கே கண்முன்னே நடந்தது. 30 விழுக்காட்டில் பெரும்பாலானவை சுருங்கிப்போய்க் கிடந்தன.

எந்த நிமிடத்தில் எது தெரிந்தது என்பதை மேசையிலேயே பென்சிலால் எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கணிதக் கணக்கை ராத்திரி மறுபடி போடலாம், அது நோட்டில் அப்படியே இருக்கும். வெடித்த மகரந்தம் ராத்திரி எனக்காக இன்னொரு முறை வெடிக்காது. பள்ளி பஸ் ஒவ்வொரு தோட்டத்து முனையிலும் நின்று நின்று வீடு வந்து சேர்வதற்குள், பார்த்த நிறமும் வடிவமும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதனால் எழுத்து முதலில், அழகுப் பிரதி பிறகு.

4 ஜூலை, வெள்ளி

போன மாதம் காய்ச்சலில் கிடந்தபோது தவறிய அமிலேஸ் (மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதி) செய்முறை இன்னும் பாக்கி. வகுப்புத் தோழி தன் ரிப்போர்ட்டை முழுசாகப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறாள். நல்ல மனசு, சுத்தமான கையெழுத்து. ஆனால் அதைப் பார்த்து எழுதினால் அவள் கண்ட முடிவு என் நோட்டில் இருக்கும், என் கைக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. 2021 முதல் எஸ்பிஎம் எனும் மலேசிய இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வின் உயிரியலில் தாள் 3 நேரடிச் செய்முறைத் தேர்வு. அன்று மேசையில் சோதனைக் குழாயும் சொட்டுக் குழாயும்தான் இருக்கும்.

டீச்சரிடம் கேட்டேன். செவ்வாய்க்கிழமை பள்ளி முடிந்ததும் வரச் சொன்னார். திரும்பி வருவதற்கு அப்பா மோட்டாரில் வந்து ஏற்றிக்கொள்வார்.

6 ஜூலை, ஞாயிறு

உருளைக்கிழங்கு சவ்வூடுபரவல். வீட்டில் செய்யக்கூடிய செய்முறைகளில் இதுதான் சிறந்தது என்பது என் அழுத்தமான கருத்து. அமிலம் வேண்டாம், நெருப்பு வேண்டாம், அக்காவின் கேக் தராசு போதும். சீனியின் ஒரு மோல் 342 கிராம். ஆகவே லிட்டருக்கு 0.2 மோல் கரைசல் 100 மில்லிலிட்டர் வேண்டுமானால் 6.84 கிராம் சீனி. 0.4-க்கு அதைப்போல் இரு மடங்கு, 0.6-க்கு மூன்று மடங்கு. கேக் தராசு புள்ளிக்குப் பின்னால் ஓர் இலக்கம்தான் காட்டும், அதனால் 6.8 என்று எடுத்துக்கொண்டேன். கிழங்குத் துண்டுகள் ஒரே தடிமன், ஒரே நீளம். தோல் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது, தோல் நீரை விடாது. அரை மணி ஊறவைத்து, எடுத்து, டிஷ்யூவால் ஒற்றி, மறுபடி எடை.

எடை வேறுபாட்டைத் தொடக்க எடையால் வகுத்து நூறால் பெருக்கி விழுக்காடாக்க வேண்டும். வெறும் வேறுபாட்டை மட்டும் எழுதினால் பெரிய துண்டும் சின்னத் துண்டும் ஒப்பிட முடியாமல் போகும். வரைபடம் போட்டதில் என் கோடு 0.2-க்கும் 0.4-க்கும் நடுவில் அச்சை வெட்டியது. கிழங்கின் உயிரணுச் சாறும் வெளிக் கரைசலும் சமமாக நிற்கும் இடம் அது.

தாத்தா வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இளவயதில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிப் பால் எடுத்தவர். நீர் உள்ளே போனால் உயிரணு விறைக்கும் என்று நான் துண்டை வளைத்துக் காட்டியதும், "அதுக்குத்தானம்மா இருட்டுலயே கிளம்பினோம். வெயில் ஏறிட்டா பால் சொட்டாது" என்றார்.

எழுந்து போய் நோட்டை எடுத்துவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். விடியலுக்கு முன் இலையிலிருந்து நீராவிப்போக்கு குறைவு, மரத்துக்குள் விறைப்பழுத்தம் உச்சத்தில் இருக்கும், பட்டையைக் கீறியதும் பால் அழுத்தத்தோடு வெளியே வரும். வெயில் ஏற ஏற அழுத்தம் இறங்கும். இதை தாத்தா காலால் நடந்து கற்றிருக்கிறார். உளியை எவ்வளவு ஆழம் இறக்குவது என்றும் காட்டினார். பால் குழாய்கள் நெருக்கமாக இருப்பது உள்பட்டையில், வளர்படையை (புதுப் பட்டையை உருவாக்கும் மெல்லிய அடுக்கு) ஒட்டி. வளர்படையைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை ஒழுங்காகத் திரும்ப வளராது, கட்டி கட்டியாகிவிடும். வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்க வேண்டும் என்றார். பால் குழாய்கள் மரத்தில் நேர்குத்தாக ஏறுவதில்லை, வலப்பக்கம் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு அதிகமான குழாய்களைத் திறக்கும். தண்டின் குறுக்குவெட்டுப் படத்தை இந்த ஆண்டு எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன், இன்றுதான் அதில் ஓர் உளி எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தது.

8 ஜூலை, செவ்வாய்

அமிலேஸ் முடிந்தது. வெள்ளைத் தட்டின் குழிகளில் அயோடின், ஒவ்வொரு நிமிடமும் அமிலேஸ் கலந்த மாவுக்கரைசல் ஒரு சொட்டு. 37 டிகிரி செல்சியஸில் வைத்த குழாயில்தான் மாவைக் காட்டும் கருநீலம் எல்லாவற்றுக்கும் முன்னால் மறைந்தது. பனிக்கட்டியில் வைத்ததும் கொதிநீரில் வைத்ததும் கடைசிவரை கருநீலம்.

முடிவு ஒன்றுபோல் தெரிந்தாலும் காரணம் ஒன்றல்ல. இரண்டையும் 37 டிகிரிக்குக் கொண்டுவந்து பார்க்கலாமா என்று கேட்டேன். டீச்சர் உடனே சரி என்றார். பனியில் இருந்தது மெல்ல வேலை செய்யத் தொடங்கி, மாவு மறைந்தது. கொதிநீரில் இருந்தது அப்படியே நின்றது. குளிரில் நொதி ஓய்ந்திருந்தது. கொதிநீரில் அதன் வடிவமே குலைந்துவிட்டது, இனித் திரும்பாது. தோழி அனுப்பிய படங்களில் இந்த இரண்டு வரி இல்லை. நாளைக்கு அவளுக்கும் காட்டுவேன்.

9 ஜூலை, புதன்

வேதியியல், வரலாறு, தமிழ் கட்டுரை. உயிரியல் நோட்டைத் திறக்கவில்லை. பெக்கானில், அதாவது டவுனில், பசார் மாலாம் என்ற இரவுச் சந்தை, அம்மாவுடன் போய்விட்டு வந்து சீக்கிரம் படுத்தேன்.

11 ஜூலை, வெள்ளி

வீட்டுப்பாடம்: செம்பனையில் (எண்ணெய்ப்பனை) மகரந்தச் சேர்க்கை, கட்டுரை வடிவில், பத்து மதிப்பெண்.

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ல் தொடங்கிய தென்னமரம் எஸ்டேட். எங்கள் பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பெரியவர்கள் எங்கள் ஊரை இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். பிறந்ததிலிருந்து செம்பனை மரங்களுக்கு நடுவில்தான் இருக்கிறேன். ஆனால் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்தில், வெவ்வேறு காலத்தில் வரும் என்பதைப் பாடத்தில்தான் கவனித்தேன். ஆண் பூ மலர்ந்திருக்கும்போது அதே மரத்தில் பெண் பூ தயாராக இருப்பது அரிது. ஆகவே மகரந்தம் இன்னொரு மரத்திலிருந்துதான் வர வேண்டும்.

இதைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தபோது பாட்டி அடுப்படியிலிருந்து, "அத நாங்கதானே கொண்டுபோனோம்" என்றார்.

பாட்டி கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வேலைதான் செய்தாராம். ஆண் பூவின் மகரந்தத்தைச் சேர்த்து, டால்கம் தூளோடு கலந்து, ஒரு குழாயால் பெண் பூங்கொத்தின் மேல் ஊதிவிட வேண்டும். முள் கையைக் கிழிக்கும். பூ தயாரா என்று எப்படித் தெரியும் பாட்டி என்று கேட்டேன். "வெள்ளையா, பாலேடு மாதிரி இருந்தா ஊதலாம் கண்ணு. செவந்துபோச்சுன்னா அது வேணாம், போயிடுச்சு." பாடநூலில் சூல்முடி மகரந்தத்தை ஏற்கும் காலம் ஏறக்குறைய இரண்டு நாள் என்றிருக்கிறது. பாட்டி அதை நிறத்தால் அளந்திருக்கிறார்.

1981-ல் கேமரூனிலிருந்து ஒரு சின்னக் கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். எலிடோபியஸ் கமெருனிகஸ் என்று பெயர். அரிசிமணி அளவுகூட இராது. ஆப்பிரிக்காவில் செம்பனைக்கு மகரந்தம் சுமப்பது காற்று மட்டுமல்ல, இந்த வண்டும்தான் என்று கண்டறிந்தவர் ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் அறிஞர். ஆண் பூங்கொத்து சோம்பு வாசனை அடிக்கும். வண்டு அங்கே போய்த் தின்று, முட்டையிட்டு, உடம்பெல்லாம் மகரந்தம் பூசிக்கொள்ளும். பெண் பூவும் தயாராக இருக்கும் நேரத்தில் அதே வாசனையை விடுகிறது. வண்டு ஏமாந்து அங்கேயும் போகும், பூ காயாகும். வண்டு பரவிய பிறகு பூவில் தூள் ஊதுவதற்கு ஆள் தேவைப்படவில்லை. பாட்டியைக் களை எடுக்கும் வேலைக்கு மாற்றினார்களாம்.

கட்டுரையில் பத்து மதிப்பெண்ணுக்கு வேண்டியது வண்டு, வாசனை, அயல் மகரந்தச் சேர்க்கை. நான் கைச்சேர்க்கையையும் ஒரு பத்தியாக எழுதியிருக்கிறேன், சூல்முடியின் நிறத்தையும் சேர்த்து. மதிப்பெண் வராவிட்டாலும் அந்தப் பத்தி இருக்க வேண்டும். ஒரு தலைமுறைப் பெண்கள் மரம் மரமாக நடந்து செய்த வேலை அது.

13 ஜூலை, ஞாயிறு

கோயில் மண்டபத்தில் படிவம் 4 பிள்ளைகள் சிலர் ரிப்போர்ட் எழுத வந்தார்கள். கருதுகோள், தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி எல்லாம் தமிழ்ப்பள்ளியிலேயே படித்தவைதான். இடைநிலைப்பள்ளியில் மலாயில் கேட்டதும் புதிதாக ஏதோ வந்துவிட்டதுபோல் மிரள்கிறார்கள். ஐந்தாம் ஆண்டில் ஊசல்குண்டு ஆட்டியபோது எழுதியது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். நூலின் நீளம், ஆடும் எண்ணிக்கை, குண்டின் எடை என்று கடகடவென்று சொன்னார்கள். அதே மூன்றுதான் இங்கேயும் என்றதும் முகம் தெளிந்துவிட்டது.

பிறகு படம் வரைதல். ஒரே கோடு, கூரான பென்சில், நிழல் தீட்டக் கூடாது, பெயர்க்கோடு அளவுகோலால், ஒன்றையொன்று வெட்டக் கூடாது. அட்டவணையில் அலகு தலைப்பில் மட்டும். பக்கத்து வீட்டுத் தம்பி வெங்காயத் தோலுக்குச் செங்கல் சுவர் வரைந்துவிட்டு, "அக்கா, புத்தகத்துல இப்படித்தானே இருக்கு?" என்றான். நீ பார்த்ததை வரை தம்பி, ஓரத்தில் கிழிந்திருந்தால் கிழிந்ததாகவே வரை என்று சொன்னேன்.

17 ஜூலை, வியாழன்

ஆடி முதல் நாள். காலையில் பாயாசம் குடித்துவிட்டுப் பள்ளிக்கு.

குவாட்ரட் வேலை. பாடவரிசையில் பின்னால்தான் வருகிறது, ஆனால் தரை காய்ந்திருக்கும்போதே முடித்துவிடலாம் என்றார் டீச்சர். ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைப் பள்ளி வேலி ஓரம் குருட்டாக்கில் வைக்க வேண்டும். அழகான இடமாகத் தேர்ந்தெடுத்து வைத்தால் கணக்கே பொய். பெரணி, தொட்டாற்சிணுங்கி, லாலாங் புல். தொட்டாற்சிணுங்கியைப் பிடுங்கி வேரைக் கழுவினோம், வேர் முடிச்சுகள் தெளிவாகத் தெரிந்தன. உள்ளே தழைச்சத்தைப் பிடித்துவைக்கும் பாக்டீரியா. செம்பனைக் கன்றுகளுக்கு நடுவில் அவரைக் குடும்பத்துக் கொடிகளைப் படரவிடுவதற்கும் இதே முடிச்சுகள்தான் ஒரு காரணம். பரவல் விழுக்காட்டைத் திடலிலேயே கணக்கிட்டு எழுதி முடித்தோம்.

19 ஜூலை, சனி

அப்பா நர்சரியில் வேலை செய்கிறார். மரபுவழிப் பாடத்தை முன்கூட்டியே படித்துக்கொண்டிருக்கிறேன் என்றதும், இன்று டூரா, தெனெரா என்ற இரண்டு வகைச் செம்பனைப் பழம் கொண்டுவந்து கத்தியால் குறுக்கே வெட்டிக் காட்டினார். டூராவுக்கு ஓடு தடிமன். தெனெராவுக்கு மெல்லிய ஓடு, சுற்றிலும் கருத்த நார் வளையம், சதை அதிகம். மூன்றாவது வகையான பிசிஃபெராவுக்கு ஓடே கிடையாது, ஆனால் குலை பெரும்பாலும் பழுக்குமுன் அழுகிவிடும். டூராவையும் பிசிஃபெராவையும் கலந்தால் எல்லாம் தெனெரா. ஒரே ஒரு மரபணு இதைத் தீர்மானிக்கிறது என்று 1941-ல் பெல்ஜியன் காங்கோவில் பெய்ர்னார்ட், வாண்டர்வெயன் இருவரும் கண்டுபிடித்தார்கள்.

"நம்ம தோட்டத்துப் பழத்தையே முளைக்க வெச்சு நட்டா என்னப்பா?"

"கலந்து வந்துடும்மா. ஒண்ணு கெட்டி ஓடு, ஒண்ணுல குலையே நிக்காது. அதுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் விதையை வாங்குறோம்."

பெற்றோரின் மரபணுக்கள் எப்படிச் சேரும் என்று கட்டம் போட்டுப் பார்த்தேன். தெனெராவும் தெனெராவும் கலந்தால் கால்வாசி டூரா, பாதி தெனெரா, கால்வாசி பிசிஃபெரா. அப்பா சொன்னது அப்படியே கட்டத்தில் விழுந்தது. வெட்டிய பழங்களை வரைந்து, ஓட்டின் தடிமனை மில்லிமீட்டரில் எழுதி, ஐஸ்பெட்டியில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை லேப்புக்கு எடுத்துப்போக வேண்டும். இன்னும் ஒன்று டீச்சரிடம் கேட்க வேண்டும்: பிசிஃபெரா குலை நிற்காது என்றால், விதை உற்பத்தியில் அதை மகரந்தத்துக்காக மட்டும்தான் வளர்க்கிறார்களா?