லயத்து வீடு போன பிறகு எங்கே படுப்பது?
மலேசியாவுல, சுங்கை சிப்புட் பசார் பக்கம், அஞ்சடியில (கடை முன்னால இருக்கிற நடைபாதையில) அட்டை விரிச்சுப் படுக்கிற தாத்தா ஒரு காலத்துல ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவர். வேலையோட, தோட்டத்துல கொடுத்திருந்த லயத்து வீடும் போச்சு. தலைமாட்டுல ஒரு மைலோ டின், அதுக்குள்ள ஐசி (அடையாள அட்டை).

நம்ம நாட்டு 1977-ஆம் ஆண்டு ஆதரவற்றோர் சட்டப்படி இவரை மாஜிஸ்திரேட் முன்னால நிறுத்தி ஆதரவற்றோர் இல்லத்துக்கு அனுப்பலாம். ஆனா அதெல்லாம் தெருவுக்கு வந்த பிறகுதானே! இங்கிலாந்துல 2017 சட்டப்படி, 56 நாளுக்குள்ள வீடு இழக்கப் போறவங்களுக்கே உள்ளூர் மன்றம் உதவியாகணும். நமக்கும் அதுதான் வேணும். லயத்தைக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் ஒட்டின அன்னிக்கே மன்றத்து ஆளுங்க தோட்டத்துக்கு வரணும், வாடகை வீட்டு மனுவை அங்கேயே உட்கார்ந்து நிரப்பிக் கொடுக்கணும்.

உங்க தோட்டத்துல நோட்டீஸ் வந்திருந்தா, தனியா இருக்கிற வயசானவங்க பேரை இப்பவே கவுன்சிலர்கிட்ட கொடுங்க.