அப்பாவின் பைபாஸும் இன்சுலினும்

கிளிநொச்சிப் பக்கம் சீனி வருத்தக்காரரிடம் இன்சுலின் என்று சொன்னாலே முகம் மாறும். "ஊசி தொடங்கினா பிறகு நிப்பாட்டேலாது பிள்ளை" என்று அப்பாவும் வருசக்கணக்காகக் குளிசையோடேயே நின்றார். இதய பைபாஸ் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்தபோதும் அவர் பயந்தது நெஞ்சை வெட்டுவதற்கில்லை, ஊசிக்குத்தான்.

சத்திரசிகிச்சை முடிந்து அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் பார்க்கிறேன்: சின்னப் பம்ப் ஒன்றிலிருந்து இன்சுலின் நாளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தாதி திரும்பத் திரும்ப இரத்தம் எடுத்து, சீனியையும் பொட்டாசியத்தையும் பார்த்து, வேகத்தைக் கூட்டிக் குறைத்தார். பக்கத்துக் கட்டில் ஐயாவுக்குச் சலரோகமே இல்லையாம். அவருக்கும் அதே பம்ப்! டொக்டரைப் பிடித்துக் கேட்டேன்.

பொறுமையாகச் சொன்னார். பெரிய சத்திரசிகிச்சையின்போது அட்ரினலின், கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன்கள் ஏறுவதால் சலரோகம் இல்லாதவருக்கும் சீனி எகிறும்; எகிறினால் நெஞ்செலும்புக் காயத்தில் கிருமி பிடிக்கும் ஆபத்துக் கூடும். அதனால் டெசிலீற்றருக்கு 180 மில்லிகிராமுக்குள் வைத்திருக்கப் பார்ப்பார்களாம். ஒரேயடியாகக் குறைப்பதும் கூடாது: 2009இல் வெளிவந்த நைஸ்-சுகர் ஆய்வில், சீனியை 81–108க்குள் இறுக்கி வைத்த தீவிர சிகிச்சை நோயாளரிடையே இறப்புக் கூடியிருந்தது.

என்னை அதிகம் பிடித்தது இதயத்தசையின் கதை. அது வழமையில் கொழுப்பமிலத்தைத்தான் கூடுதலாக எரிக்கும். குளுக்கோஸை எரித்தால் அதே ஒட்சிசனுக்குக் கொஞ்சம் கூடுதல் சக்தி கிடைக்கும். சத்திரசிகிச்சைக்காக நிறுத்தி வைத்துத் திரும்பத் துடிக்கவிட்ட தசைக்கு அது பெரிய விசயம். இன்சுலின் குளுக்கோஸைத் தசைக்குள் அனுப்பும், இரத்தத்தில் கொழுப்பமிலத்தையும் குறைக்கும். குளுக்கோஸ், இன்சுலின், பொட்டாசியம் மூன்றையும் சேர்த்து ஏற்றும் முறையை 1960களிலிருந்தே சோதித்து வருகிறார்கள். சில ஆய்வுகளில் இதயம் இரத்தத்தைத் தள்ளும் வலு கூடியது. உயிர் காக்கும் என்பது மட்டும் உறுதியாகவில்லை. அதனால் எல்லாருக்கும் சத்து மருந்துபோல ஏற்றுவதில்லை. இன்சுலின் பொட்டாசியத்தையும் கலங்களுக்குள் இழுத்துவிடும்; இரத்தத்தில் அது குறைந்தால் துடிப்புக் குழம்பும். தாதி ஏன் அப்படிக் கண்ணாக இருந்தார் என்பது அப்போதுதான் விளங்கியது.

பக்கத்துக் கட்டில் ஐயாவுக்குச் சீனி இறங்கியதும் பம்பைக் கழற்றிவிட்டார்கள். "நிப்பாட்டேலும்தானே அப்பா" என்று காட்டினேன். அப்பாவுக்கு வீட்டிலும் ஊசி தொடர்கிறது. குளிர்சாதனப்பெட்டி இல்லாததால், கிளினிக்கில் சொன்னபடி, மருந்துப் போத்தலைப் பொலித்தீன் பையில் கட்டி, ஈரமணல் நிரப்பிய மண்சட்டிக்குள் நிழலில் வைக்கிறோம். இப்போது அவரே வயிற்றில் போட்டுக்கொள்கிறார்.