ஏழாண்டுக் காத்திருப்பும் ஒரு சான்றிதழும்

திருமங்கலத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த என் அத்தான், அக்காவின் கணவர், 2014 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மதுரையில் சரக்கு எடுத்துக்கொண்டு மாலைக்குள் வந்துவிடுவதாகச் சொல்லிப் புறப்பட்டார். அதன்பின் அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. அப்போது அவருக்கு 47 வயது. மகள் பிளஸ் டூவிலும் மகன் எட்டாம் வகுப்பிலும் படித்துக்கொண்டிருந்தார்கள். கடன் தொல்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். மொத்த வியாபாரிகளுக்குத் தரவேண்டிய பாக்கியையெல்லாம் நானே கூட்டிப் பார்த்தேன், ஊரை விட்டுப் போகுமளவுக்கு அதில் ஒன்றுமில்லை.

காவல் நிலையத்தில் முதலில் கொடுத்தது சி.எஸ்.ஆர். ரசீது மட்டுமே. அது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு, வழக்குப் பதிவு ஆகாது என்பது எங்களுக்கு அப்போது தெரியவில்லை. ஐந்து நாள் அலைந்த பிறகே 'மேன் மிஸ்ஸிங்' என்ற தலைப்பில் முதல் தகவல் அறிக்கை போட்டார்கள். குற்றம் இன்னதென்றோ, செய்தவர் இன்னாரென்றோ இல்லாத வழக்கு என்பதால், திருட்டும் அடிதடியும் வந்து சேரும் நிலையத்தில் அந்தக் கோப்பு எப்போதும் அடியிலேயே கிடந்தது. அழைப்பு விவரங்களை உடனே வாங்கச் சொல்லி நான் எழுதிக் கொடுத்தது மட்டும் வீண்போகவில்லை. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அந்த விவரங்களை அன்று ஓராண்டு வைத்திருந்தால் போதுமென்று இருந்தது, 2021 டிசம்பரில்தான் அது இரண்டாண்டாயிற்று. கைப்பேசி கடைசியாக மாட்டுத்தாவணி டவரில் இருந்திருக்கிறது. அங்கிருந்து எந்த ஊருக்கும் பஸ் ஏறலாம்.

அங்க அடையாளம் எழுதும்போது 'மாநிறம், நடுத்தர உயரம்' என்று நிறுத்திவிடக் கூடாது. பைக் விபத்தில் உடைந்த இடது கணுக்காலில் அத்தானுக்கு பிளேட் வைத்திருந்தது; அந்த எக்ஸ்ரேயைத் தேடியெடுத்துக் கோப்பில் சேர்த்தோம். அதன்பிறகு அரசு மருத்துவமனைப் பிணவறைகளுக்கும் ரயில்வே போலீஸாரிடமும் போய் நின்றபோதெல்லாம், முகத்தைப் பார்க்க முடியாத நிலையிலும் அது அவர் இல்லை என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுவும் போட்டோம். அவரை யாரும் சட்டவிரோதமாக அடைத்துவைத்ததாக எங்களால் சொல்ல முடியாததால், தேடுதலைத் தொடரும்படி போலீஸாருக்கு அறிவுறுத்தி மனுவை முடித்துவைத்தார்கள்.

ஏழு வருடம் கழிந்தால் இறந்ததாக ஆகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். தானாக எதுவும் ஆகாது. இந்திய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு (2024 ஜூலை முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 111ஆம் பிரிவு) சொல்வது இதுதான்: ஒருவரைப் பற்றி இயல்பாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் ஏழாண்டுகளாக எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும். எந்த நாளில் இறந்தார் என்பதைப் பற்றி அந்தப் பிரிவு எந்த ஊகத்துக்கும் இடம் தரவில்லை. 2004இல் ஓர் ஆயுள் காப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. காணாமற்போன நாளையே இறந்த நாளாகக் கொள்ள முடியாதென்பதால், இடைக்காலத்தில் பிரீமியம் கட்டாவிட்டால் பாலிசி காலாவதியாகிவிடும். இதை அறியாமலேயே அக்கா ஒவ்வொரு தவணையையும் கட்டிவந்தாள். "அவர் வந்து கேட்டால் என்ன சொல்வேன்?" என்பது மட்டுமே அவள் சொன்ன காரணம்.

வீடு அத்தான் பெயரில் இருந்தது. மகள் கல்யாணத்துக்கு அதை அடமானம் வைக்கக்கூட வழியில்லை. எனவே 2021 இறுதியில், அவர் இறந்ததாக விளம்புகை, அதாவது நீதிமன்ற அறிவிப்பு, கோரி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தோம். அங்கேதான் எதிர்பாராத சிக்கல் வந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாயும் முதல் வகுப்பு வாரிசு என்பதால், அத்தானின் அம்மாவும் வாதியாகக் கையெழுத்திட வேண்டும் என்றார் வக்கீல். எழுபத்தைந்து வயதைக் கடந்திருந்த அந்த அம்மா, "எம் புள்ள செத்துட்டான்னு என் கையால எழுதித் தரமாட்டேன்" என்று பேனாவைத் தள்ளிவிட்டார். அக்காவும் அவரும் ஒரே வீட்டில் பத்து நாள் பேசிக்கொள்ளவில்லை. கடைசியில் வக்கீல் அவரைப் பிரதிவாதியாகச் சேர்த்தார். சொந்த மருமகளுக்கு எதிர்க்கட்சியாக, அதே மருமகளோடு ஒரே ஆட்டோவில் அவர் நீதிமன்றத்துக்கு வந்தார்.

எங்கள் தரப்பில் முதல் தகவல் அறிக்கை, கண்டுபிடிக்க இயலவில்லை என்ற காவல்துறையின் அறிக்கை, நாளிதழ் விளம்பரங்கள் எல்லாம் ஆவணங்களாகக் குறியிடப்பட்டன. ஆனாலும் வழக்கைத் தாங்கி நின்றது அந்த அம்மாவின் சாட்சியம்தான் என்று இன்றும் நினைக்கிறேன். மகன் இறந்துவிட்டான் என்று அவர் கடைசிவரை சொல்லவேயில்லை. ஏழு வருடத்தில் மகனிடமிருந்து ஏதாவது சேதி வந்ததா என்று கேட்டபோது, "தீபாவளிக்குக்கூட ஒரு போன் இல்லைங்கய்யா" என்றார். சட்டம் கேட்டதும் அவ்வளவுதான்.

2023இல் தீர்ப்பு வந்தது. அதைக்கொண்டு இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வாங்கினோம். காவல் நிலையத்துக் கோப்பில் மட்டும் என் கைப்பேசி எண் அப்படியே இருக்கிறது. சென்ற மாதம் ஓர் ஏட்டு அழைத்து, ஐம்பத்தைந்து அறுபது வயதிருக்கும் அடையாளம் தெரியாத உடல் ஒன்று வந்திருப்பதாகச் சொன்னார். அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். இடது கணுக்காலில் தழும்பு இல்லை.