மாட்டோடு வராத தாள்

மாட்டுச் சந்தைக்கு வாங்க வருபவர் கண்ணுக்குத் தெரிவதைத்தான் பார்க்க முடியும். வாயைத் திறந்து பல் எத்தனை என்று பார்ப்பார், கொஞ்ச தூரம் நடக்கவிடுவார், மடியைத் தடவி நாலு காம்பிலும் பீய்ச்சிப் பார்ப்பார். கறவை மாடு வைத்திருக்கும் நானும் அப்படித்தான் வாங்குகிறேன். போன வாரம் அந்த மாட்டுக்கு என்ன ஊசி போட்டார்கள் என்பது பல்லிலும் தெரியாது, நடையிலும் தெரியாது. உணவுப் பாதுகாப்பில் பெரிய ஓட்டை அங்கேதான் விழுகிறது.

மடிநோயை எடுத்துக்கொள்ளுங்கள். காம்புத் துளை வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றினால் வீக்கம் வடியும், பால் தெளியும். பார்வைக்கு மாடு சுகம். மருந்து மட்டும் பாலில் இறங்கிக்கொண்டே இருக்கும். எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும், எப்போது இறைச்சிக்கு அனுப்பலாம் என்பது மருந்துப் பெட்டியிலேயே அச்சாகியிருக்கும். ஆனால் மாடு கைமாறும்போது பெட்டி பழைய கொட்டகையிலேயே தங்கிவிடும்.

சந்தையில் பிடித்து வந்த ஒரு மாட்டின் பாலைத் தனியாகக் காய்ச்சி உறை ஊற்றினேன். மற்ற பாத்திரத்தில் தயிர் கட்டியாக நின்றது. இதில் மறுநாளும் பாலாகவே கிடந்தது. சோதனைப் பட்டையிலும் மருந்து எச்சம் தெரிந்தது. விற்றவரைக் கேட்டேன். "ஊசி போட்டது உண்மைதாங்க, மாடு நல்லாத்தானே இருக்கு?" என்றார். மாடு நன்றாகத்தான் இருந்தது. பால்தான் குடிக்கிற பாலாக இல்லை. காய்ச்சினால் எல்லாம் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். மருந்து எச்சம் அப்படி முழுவதும் போகாது. பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு அந்தப் பால் ஆபத்தாகலாம். அப்புறம், மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளரவும் இது வழிவிடுகிறது.

மாட்டோடு தாளும் போக வேண்டும் என்பது புதிதல்ல. பிரிட்டனில் மாட்டுக்குப் பாஸ்போர்ட், அதாவது அதன் பிறப்பையும் இடமாற்றங்களையும் பதியும் தாள், வந்தது 1996இல், மாட்டின் மூளையைச் சிதைக்கும் பித்த மாட்டு நோய் மனிதருக்கும் தொற்றியிருக்கக்கூடும் என்று அரசு அறிவித்த அதே ஆண்டில். 2001இல் அங்கே கோமாரி பரவியபோது, நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே தொற்றிய ஆடுகள் சந்தைகள் வழியாக நாடெங்கும் போய்விட்டிருந்தன. கடைசியில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். 2003இல் கனடாவில் ஒரே ஒரு மாட்டுக்குப் பித்த மாட்டு நோய் உறுதியானதும் அமெரிக்கா உட்படப் பல நாடுகள் கனடா மாட்டிறைச்சிக்குக் கதவைச் சாத்தின. எந்தத் தவறும் செய்யாத பண்ணைக்காரர்களின் பிழைப்பும் அதோடு விழுந்தது.

காதுவில்லை எண் இப்போது பல நாடுகளில் வந்துவிட்டது, நல்லது. ஆனால் மாடு எங்கே பிறந்தது என்று சொல்லும் எண், கடைசியாகப் போட்ட ஊசியையும் சொல்ல வேண்டும். நான் விற்கும்போது மருந்தின் பெயர், போட்ட தேதி, பால் ஒதுக்க வேண்டிய கடைசி நாள் மூன்றையும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அதைப் படித்ததும் தரகர் சொல்வது, "மடிநோய் வந்த மாடா? அப்ப விலையைக் குறைங்க." பக்கத்தில் அதே நோய் வந்த மாட்டைச் சொல்லாமல் விற்பவருக்கு முழு விலை கிடைக்கிறது. எனக்கு இதுதான் பொறுக்கவில்லை. பால் வாங்கும் நிறுவனங்களும் இறைச்சிக்கூடங்களும் மருந்துக் குறிப்போடு வரும் மாட்டுக்குக் கூடுதல் விலை வைக்கட்டும், குறிப்பில்லாததை ஒதுக்கட்டும். அடுத்த சந்தையிலேயே எல்லார் சட்டைப்பையிலும் அந்தத் தாள் இருக்கும்.