வேலூரில் இரண்டாம் பயாப்ஸி: பழைய பிளாக், புதுத் துண்டு

"போன வருஷம்தானே சதை எடுத்தாங்க, அந்த ரிப்போர்ட் கையிலேயே இருக்கே, மறுபடி எதுக்கு ஊசி?" நுரையீரல் புற்றுநோய்க்கு மருந்து சாப்பிட்டு, கட்டி மீண்டும் வளர்ந்து, ஆம்பூர், குடியாத்தம் பக்கமிருந்து வேலூருக்கு வரும் குடும்பங்கள் எங்களிடம் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான்.

1976-ல் அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வாளர் பீட்டர் நோவெல் சொன்னதில் இதற்குப் பதில் இருக்கிறது. கட்டி ஒரே செல்லிலிருந்து கிளம்புகிறது, பெருகப் பெருக அதன் வாரிசுகள் மாறிக்கொண்டே போகின்றன, தாக்குப்பிடிப்பது தங்குகிறது. கட்டியின் ஈஜிஎஃப்ஆர் என்ற ஜீனில் மாற்றம் உள்ளவருக்கு கெஃபிடினிப் மாத்திரை கொடுத்தால் பெரும்பாலான செல்கள் சாகும். மருந்துக்கு அடங்காதவை பிறகு இடத்தைப் பிடிக்கும். இப்படி மருந்து தோற்றவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அதே ஜீனில் டி790எம் என்ற இன்னொரு மாற்றம் தெரியும். அதற்கு ஓசிமெர்டினிப் என்ற மருந்து இருக்கிறது. சிலருக்குக் கட்டியே சிறுசெல் புற்றுநோய் என்ற வேறு வகையாக மாறிவிடும், அப்போது சிகிச்சையே வேறு. பழைய ரிப்போர்ட்டை வைத்து இதைச் சொல்ல முடியாது. (முதலிலிருந்தே ஓசிமெர்டினிப் சாப்பிட்டவருக்கு டி790எம் தேடுவதில் பெரிய பலனில்லை, தேட வேண்டியவை வேறு.)

டி790எம் இருக்கிறதா என்று முதலில் ரத்தத்திலேயே பார்க்கலாம். பாசிட்டிவ் வந்தால் ஊசி மிச்சம். நெகட்டிவ் வந்தால் நம்பி உட்கார வேண்டாம். ரத்தத்தில் கட்டியின் டிஎன்ஏ போதாமல் போயிருக்கலாம்.

முதல் பயாப்ஸி செய்த லேபிலிருந்து பழைய பிளாக்கும் (எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்த சின்னக் கட்டை) வேண்டும், ஒப்பிட. ஸ்லைடு, அதாவது சதைச் சீவல் ஒட்டிய கண்ணாடித் தகடு, மட்டும் கொடுத்தால் திரும்பி வராதீர்கள். மெழுகு பிளாக்கை எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். பிளாக்கின் எண்ணும் ரிப்போர்ட்டின் எண்ணும் ஒத்திருக்கிறதா என்று கவுன்டரிலேயே பாருங்கள். மெழுகு உருகுவது 56 முதல் 60 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் பூட்டிய காரின் டேஷ்போர்டில் அதை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. ஐஸும் வேண்டாம், கைப்பை போதும்.

புதுத் துண்டு, ஸ்கேனில் வளர்வதாகத் தெரியும் இடத்திலிருந்து வர வேண்டும். எலும்பைத் தவிர்க்க முடிந்தால் நல்லது: எலும்பை மென்மையாக்கப் போடும் வலுவான அமிலம் டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். வேறு வழியில்லை என்றால் அமிலத்துக்குப் பதில் டிஎன்ஏவை அவ்வளவு கெடுக்காத ஈடிடிஏ போடச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

ஊசியில் வருவது நூல் துண்டு மாதிரி இருக்கும்: சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமன், ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளம், வெளிறிய நிறம். அது உடனே சதையைக் கெடாமல் வைக்கும் 10 சதவீத பஃபர் ஃபார்மலினில், தன்னைப்போல் பத்து மடங்காவது திரவத்தில் விழ வேண்டும். சலைனில் (உப்புநீரில்) அனுப்பி மறுநாள் வந்த துண்டுகளைப் பார்த்திருக்கிறோம். செல் வீங்கி, கரு மங்கி, படிக்க ஒன்றும் மிச்சமில்லை. ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, 72 மணி நேரத்தைத் தாண்டவும் கூடாது. ஆகவே பொங்கல் லீவுக்கு முந்தின மாலை பயாப்ஸி வைத்தால், லேபில் எடுத்துப் பதப்படுத்த ஆள் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த இழப்பு, பிளாக்கை மெல்லிசாகச் சீவும் மைக்ரோடோம் கருவியில் நடக்கும். பிளாக்கை மாட்டும் ஒவ்வொரு முறையும் மேல்மட்டத்தைச் சமன்செய்யக் கொஞ்சம் சதை வீணாகும். முதல் நாள் ஒரு மார்க்கர் (கட்டியின் வகையை அறிய நிறமேற்றிப் பார்க்கும் டெஸ்ட்), மறுவாரம் இன்னொன்று, அப்புறம் ஜீன் டெஸ்ட் என்று போனால் கடைசியில் மெழுகுதான் மிஞ்சும். ஒரே தடவையில் நிறமேற்றாத பத்துச் சீவல் எடுத்து வைக்க டாக்டர் மூலம் சொல்லிவிடுங்கள். ஜீன் டெஸ்டுக்கு முதல் உரிமை.

ரிப்போர்ட்டில் கட்டி செல்களின் சதவீதம் எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். அது குறைந்தால் மாறிய டிஎன்ஏவும் குறையும். டிஎன்ஏவைப் படிக்கும் பழைய சாங்கர் முறையில், மாறிய டிஎன்ஏ சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கண்ணுக்குத் தப்பும். அந்த நெகட்டிவ்வை நம்ப முடியாது. நுட்பமான முறையில் மறுபடி செய்யச் சொல்லலாம்.

டெஸ்ட் முடிந்ததும் இரண்டு பிளாக்கையும் கையெழுத்துப் போட்டுத் திரும்ப வாங்கிவிடுங்கள். மருந்து மறுபடி தோற்கும் நாளில் முதலில் கேட்பது அவற்றைத்தான்.