பேர் வேலன், ஆகாதது மயில்

எங்கள் வேலன் சிப்பிப்பாறை நாய். நாய்க்குப் பேர்போன கோம்பையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு எவனாவது சிப்பிப்பாறை வாங்குவானா என்று சித்தப்பா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், அது தனிக்கதை. எங்கள் தேனி மாவட்டத்துக் கூடலூரில் விடிவதற்கு முன்பே ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்புகள் ஆள் ஏற்றிக்கொண்டு குமுளிக்குக் கிளம்பிவிடும். நாங்களும் அந்த நேரத்தில்தான் நடப்போம். ஒரு நாள் திராட்சைப் பந்தலிலிருந்து மயில் ஒன்று குதிக்க, இவன் இழுத்த இழுப்பில் நான் ரோட்டோரம் குப்புற விழுந்தேன். உள்ளங்கையில் செயின் வரிவரியாகப் பதிந்துவிட்டது. ஜீப்பில் இருந்த ஒரு அக்கா, "தம்பி, எங்களுக்கு முன்னாடி குமுளி போய்ச் சேந்துருவீங்க போலயே!" என்றார்.

அதுவரை எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் வெடுக்கென்று பின்னால் இழுப்பது. நாம் இழுக்க இழுக்க அவனும் காலை ஊன்றி எதிர்ப்பக்கம் இழுப்பான், தொண்டை இறுகி இருமுவான், அவ்வளவுதான். போதாததற்கு இந்த ஜாதி நாய்க்குக் கழுத்தைவிடத் தலை ஒடுக்கம், பின்னுக்கு வந்தால் பெல்ட் அப்படியே கழன்றுவிடும். இழுத்தால் கொஞ்சம் மட்டும் இறுகுகிற அகலமான துணிப் பட்டையும் நீளமான வாரும் வாங்கினேன்.

அப்புறம் ரோட்டை மறந்துவிட்டு முற்றத்தில் ஆரம்பித்தோம். "வேலா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிடுவேன். முகத்தைப் பார்த்த அந்த நொடியே "சபாஷ்", உடனே பொட்டுக்கடலை அளவு வேகவைத்த ஈரல். ஐந்தாறு தடவை கத்தினால் பேர் வெறும் சத்தமாகிவிடும். ஐந்து நிமிஷம் போதும், அதற்கு மேல் அவனுக்கும் சலிப்பு, எனக்கும் சலிப்பு. ஈரலை இடது முழங்காலோரம்தான் கொடுக்க வேண்டும், முன்னால் நீட்டினேன் என்றால் குறுக்கே வந்து காலைத் தட்டிவிடுகிறான். ரோட்டில் வார் விறைத்தால் நின்றுவிடுவேன், தளர்ந்தால்தான் அடுத்த அடி. முதல் நாள் டீக்கடை போய்ச் சேர அரை மணி நேரம். நாயோடு ஏதும் சண்டையா என்று மாஸ்டர் கேட்டார்.

ஒன்று தாமதமாகத்தான் புரிந்தது. இவை கண்ணால் வேட்டையாடுகிற நாய்கள். ஓடுகிற ஒன்றின் மேல் கண் பதிந்துவிட்டால் காது கேட்காத மாதிரிதான், ஈரல் என்ன, ஆட்டுக்காலே கொடுத்தாலும் திரும்பாது. அதற்குச் சற்று முன்னால் தொங்கிக்கொண்டிருந்த நாக்கு உள்ளே போகும், வாய் மூடும், காது மடல் லேசாக எழும், வால் அசையாமல் நிற்கும். அந்த ஒரு நொடிதான் நமக்குக் கிடைப்பது, அதில் கூப்பிட்டால் திரும்புகிறான். அதனால் ஆட்டுமந்தையை முதலில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வைத்துப் பழக்கினேன், தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைத்தேன்.

மூன்று மாதத்தில் ஜீப்பு, ஆடு, டீக்கடைப் பூனை எல்லாம் சரியாகிவிட்டது. மயிலுக்கு மட்டும் ஈரல் ஈடாகவில்லை. பந்தலுக்குள்ளிருந்து அகவல் கேட்டாலே நான் முந்திக்கொண்டு வாய்க்கால் கரைப்பக்கம் திரும்பிவிடுகிறேன்.