மூடி மேஜையில், ப்ளக் கையில்

கிடார் கேபிளை வீட்டிலேயே செய்ய உட்காருகிற எல்லோருக்கும் இந்தக் காட்சி ஒருமுறையாவது வாய்க்கும். ஈயம் ஆறி, இணைப்பு புது எவர்சில்வர் மாதிரி மின்னும். இழுத்துப் பார்த்தால் அசையாது. அந்தப் பெருமிதத்தோடு நிமிர்ந்தால், மேஜை ஓரத்தில் ப்ளக்கின் மூடி தனியாக உட்கார்ந்திருக்கும். அதைக் கேபிளில் கோர்த்த பிறகுதான் ஈயமே வைத்திருக்க வேண்டும். சரி, மறுமுனை வழியாகக் கோர்த்து இழுத்துக்கொண்டு வரலாமே என்றால், அங்கே ஏற்கெனவே இன்னொரு ப்ளக். அதன் மூடி மட்டும் ரொம்ப ஒழுங்காக மாட்டியிருக்கும்.

கேபிளை அளந்து வெட்டியதும் வேறு எதையும் தொடாமல் இரண்டு மூடிகளையும் உள்ளே தள்ளிவிடுங்கள். இரண்டின் குறுகிய பக்கமும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும், திருகு மரை உள்ள அகன்ற வாய் முனையைப் பார்க்க வேண்டும். மாற்றிக் கோர்த்தால், கோர்க்காமலே விட்டதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. நடுவில் ஒரு துணிக் கிளிப்பு மாட்டினால் மூடிகள் நழுவி ஓடாது. மூடிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் குழாயும் இப்போதே உள்ளே போக வேண்டிய ஆள்தான். அது ஏதோ பேக்கிங் சாமான் என்று நினைத்துக் குப்பையில் போடுகிறவர்கள் உண்டு. மூடி உலோகம், உள்ளே டிப் (ப்ளக்கின் நுனி) இணைப்பு அதில் உரசினால் சத்தம் செத்துவிடும் என்பதற்காகத்தான் அந்தக் குழாய்.

சாமான் வாங்குவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சென்னை ரிச்சி தெருவில் ‘கிடார் ப்ளக்’ என்று இழுப்பதைவிட ‘பி 38 மோனோ, மெட்டல்’ என்று கேளுங்கள். 6.35 மில்லிமீட்டர் ப்ளக்குக்குக் கடைப்பெயர் அதுதான். ‘மோனோ’வை அழுத்திச் சொல்லவும். முனையில் ஒரே ஒரு கறுப்பு வளையம் இருந்தால் மோனோ, இரண்டு இருந்தால் ஸ்டீரியோ. பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸ் கிடார்கள் பலவற்றில் மோனோ ப்ளக்கைச் செருகும்போதுதான் பேட்டரி இணைப்பே முழுமையாகும். அங்கே நடு வளையத்தை அம்போவென்று விட்ட ஸ்டீரியோ ப்ளக்கைச் செருகினால் கிடார் தூங்கும். நீங்கள் பேட்டரியை நாலு தடவை மாற்றுவீர்கள்.

கேபிளில் ‘சிங்கிள் கோர் ஷீல்டு’ கேளுங்கள், அதாவது நடுவே ஒரே கம்பி, அதைச் சுற்றி இரைச்சலைத் தடுக்கும் உலோக இழை உறை. மைக் கேபிளில் உள்ளே இரண்டு கம்பி இருக்கும். ஸ்பீக்கர் வயரில் ஷீல்டே கிடையாது, கிடாருக்குப் போட்டால் வீட்டு மின்சாரம் முழுவதும் ‘ம்ம்ம்’ என்று சேர்ந்து பாடும். நீளத்தில் பேராசை வேண்டாம். சாதாரணக் கேபிளில் மீட்டருக்கு 150 பிகோஃபாரட் மின் கொள்ளளவு (கெபாசிட்டன்ஸ்) என்று வைத்துக்கொண்டால், 3.3 மீட்டரில் சுமார் 500. பிக்கப்பின் (கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) இண்டக்டன்ஸ் 2.5 ஹென்றி என்றால் இந்த இரண்டும் சேர்ந்து சத்தம் தூக்கலாகக் கேட்கும் முகட்டை 4.5 கிலோஹெர்ட்ஸ் அருகே நிறுத்தும். நீளத்தை இரட்டிப்பாக்கினால் அது 3.2-க்கு இறங்கும். அந்தக் கணீர் போய்க் கொஞ்சம் போர்வை போர்த்திய மாதிரி கேட்கும். உட்கார்ந்து வாசிக்க 3 மீட்டர், மேடைக்கு 6, எஃபெக்ட் பெடல்களுக்கு நடுவே 15 முதல் 30 சென்டிமீட்டர் போதும்.

ஈயம் வைப்பதை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். கேபிள் கெடுவதோ பெரும்பாலும் அதற்கு முன்பே, தோலுரிக்கும் இடத்தில். வெளித்தோலில் முனையிலிருந்து சுமார் 20 மில்லிமீட்டர் தள்ளி பிளேடால் லேசாக ஒரு சுற்று. முழுக்க வெட்ட வேண்டாம், வளைத்தால் தானே பிளக்கும். அடியில் ஷீல்டு. சுருள் மாதிரி சுற்றியிருந்தால் விரலாலேயே பிரிந்துவிடும். பின்னல் என்றால் ஊசியால் ஜடை பிரிக்கிற பொறுமை வேண்டும். எல்லா இழைகளையும் ஒரு பக்கமாகத் திரட்டி முறுக்குங்கள். ஓர் இழை வெளியே நின்றாலும் அது தேடிப் போய் டிப்பைத் தொடும், கேபிள் ஊமையாகும்.

ஷீல்டுக்கு அடியில் கறுப்பாக, மெத்தென்று ஒரு தோல் வரும். இன்சுலேஷன் என்று நினைத்து அதை அப்படியே விட்டுவிடுவதுதான் உலகமகா தப்பு. அது கார்பன் கலந்த பிளாஸ்டிக், மின்சாரம் கடத்தும். கேபிளை மிதித்தாலும் முறுக்கினாலும் உள்ளே உராய்வில் பிறக்கும் மின்னூட்டம் ஆம்ப்ளிஃபயரில் சடசடவென்று கேட்காமல் இருக்க, அதை வடித்து ஷீல்டுக்கு அனுப்புவது இதன் வேலை. நல்ல வேலைதான், ஆனால் நுனி வரை வந்து டிப் கம்பியைத் தொட்டால் சிக்னலையும் சேர்த்து வடித்துவிடும். நகத்தால் கீறி, உறை கழற்றுவது போல் உருவி, நடுக்கம்பியின் நுனியிலிருந்து குறைந்தது 10 மில்லிமீட்டர் பின்வாங்க வையுங்கள். சந்தேகமாக இருந்தால் மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் அந்தத் தோலிலேயே வைத்துப் பாருங்கள், கிலோஓமில் ஏதாவது எண் காட்டும். நிஜ இன்சுலேஷன் ஒன்றும் காட்டாது. அந்த இன்சுலேஷனை 5 மில்லிமீட்டர் உரித்துக் கம்பியை முறுக்கினால் தயார்.

25 வாட் சோல்டரிங் அயர்ன் போதும். ஈயம் உள்ளே ரோசின் பிசின் உள்ளதாக, வெள்ளீயம்-ஈயம் 60/40 அல்லது 63/37. குழாய் வேலைக்கான ஆசிட் பேஸ்ட் பக்கம் போக வேண்டாம், கம்பியை மெல்ல அரித்துவிடும். ப்ளக்கைப் பிடிக்க ஆள் கூப்பிட்டால் அவர் விரல் சுடும், பேச்சும் நின்றுபோகும். பழைய மரத்துண்டில் 6.5 மில்லிமீட்டர் துளை போட்டு அதில் ப்ளக்கைச் செருகி நிறுத்துங்கள். கம்பியிலும் ப்ளக்கின் காதிலும் (கம்பி ஒட்டும் தகடு) தனித்தனியாக ஈயம் பூசிக்கொண்டு, பிறகு சேர்த்து வைத்துச் சூடு காட்டினால் இரண்டு மூன்று விநாடியில் ஒட்டிக்கொள்ளும். ஷீல்டு போகும் பெரிய காது சூட்டை உறிஞ்சும், அதனால் கொஞ்சம் நேரமாகும். அதன் முலாமை முதலில் அரத்தால் சுரண்டிவிட்டால் சீக்கிரம் பிடிக்கும். நடுக்கம்பியில் மட்டும் அயர்னை வைத்துக்கொண்டு தியானம் செய்யாதீர்கள். இன்சுலேஷன் இளகி, கம்பி அதைத் தாண்டிக்கொண்டு ஷீல்டைத் தொட்டுவிடும். ஆறும்போது அசைத்தால் இணைப்பு சாம்பல் பூத்துச் சொரசொரப்பாகும். மறுபடி சூடு காட்ட வேண்டியதுதான். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பஜ்ஜித் தட்டு வந்தால் கை கழுவாமல் தொடாதீர்கள், அது ஈயம்.

அடுத்து ப்ளக்கின் வாலில் உள்ள கவ்வி. அது பிடிக்க வேண்டியது வெளித்தோலை. ஷீல்டை மட்டும் கவ்வினால் யாராவது கால் தடுக்கி இழுக்கும் முழு பாரமும் ஈயத்தின் தலையில் விழும்.

இனி மீட்டர். டிப்புக்கு டிப் பீப், ஸ்லீவுக்கு (டிப்புக்குப் பின்னால் உள்ள தண்டு) ஸ்லீவ் பீப், டிப்புக்கும் ஸ்லீவுக்கும் பீப் கூடாது. இதோடு எழுந்து கைதட்டிக்கொள்கிறவர்கள்தான், வாசித்துப் பார்த்துவிட்டு ‘பிக்கப் போச்சு’ என்று கிடாரைக் கழற்றுகிறவர்கள். பீப் என்பது சில பத்து ஓமுக்குக் கீழே இருந்தால்தான் அடிக்கும். கறுப்புத் தோல் தொட்டுக்கொண்டிருந்தால் நடுவே சில கிலோஓமோ, பல பத்து கிலோஓமோ நிற்கும். பீப் வராது, சத்தமும் உருப்படியாக வராது. வால்யூமைப் பாதி குறைத்த மாதிரி மங்கலாக இருக்கும். ஆகவே மீட்டரை மெகாஓமுக்குத் திருப்பி, டிப்பிலும் ஸ்லீவிலும் வைத்துக் கேபிளை ஆட்டிப் பாருங்கள், எண்ணே காட்டக் கூடாது. அப்போது மீட்டர் முனைகளின் உலோகத்தை விரலால் பிடிக்காதீர்கள், உங்கள் உடம்பின் ஓமையும் சேர்த்துக் காட்டும்.

எல்லாம் பாஸானால் மூடியைத் திருகலாம். கூட்டத்தில் கேபிள் மாறிப்போகாமல் இருக்க ப்ளக்குப் பக்கத்தில் சிவப்பு ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) ஒரு துண்டு போட்டால் அழகாக இருக்கும் என்று இப்போதுதான் தோன்றும். அதையும் மூடிக்கு முன்னாலேயே கோர்த்திருக்க வேண்டும்.